மருந்துப் புட்டியில் நூறு, ஊசியில் நாற்பது

எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த ஆண்டின் சித்திரை மாதம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள எங்கள் மாடிவீட்டில், ஒரு காலை நேரத்தில் நடந்த சம்பவம் இது. அன்று எதுவும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நடக்காமல் போன அந்த ஒன்றைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கணக்கென்றால் பயம். பள்ளிக்கூடத்தில் யாரும் அடித்துப் பயங்காட்டியதில்லை. நல்ல ஆசிரியர்கள்தான். இருந்தாலும் எண்கள் இரண்டு வரிசையாக வந்து நின்றால் என் கண் தானாகவே வேறு பக்கம் திரும்பிவிடும். உள்ளங்கை வியர்க்கும். பக்கத்தில் யாராவது விடைக்காகக் காத்திருந்தால் இரண்டும் மூன்றும் எத்தனை என்பதுகூட மறந்துபோகும். பள்ளி முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டாம் தடவைதான் தாண்டினேன். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன். விடவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. எழுத்துப் பிழை என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அட்டவணைகளும் இலக்கங்களும் நிறைந்த பக்கங்கள் வந்தால், தேநீர் குடிக்கப் போகிற மாதிரி எழும்பிவிடுவேன். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், அப்படியான பக்கங்களை வேண்டுமென்றே என் மேசையில் கொண்டுவந்து பரப்புவார். “அண்ணை, இந்த நாலு பக்கத்திலயும் எழுத்தெண்டு ஒண்டும் இல்லை. வெறும் இலக்கம்தான். உங்களுக்கு இண்டைக்கு விருந்து!” என்பார். பிறகு சிரித்துக்கொண்டே அவரே பார்த்துத் தருவார்.

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை திரைச்சீலை வாங்க என்னை அனுப்பினார்கள். நான் யன்னலை அடியில் அளந்துகொண்டு போய், கடையில் அதே எண்ணை மீற்றர் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் யன்னல், மேசைவிரிப்பு, தலையணை உறை எல்லாவற்றிலும் ஒரே ஊதாப்பூ. அதன் பிறகு அளவு, எண்ணிக்கை என்று வந்தால் எல்லாமே மனைவியின் பொறுப்பு. அவர் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர். “உங்களுக்குக் கணக்கெண்டாலே காய்ச்சல் வரும். தள்ளி நில்லுங்கோ, நான் பாக்கிறன்” என்பார். நானும் சந்தோஷமாகத் தள்ளி நிற்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதானபோது நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். வயது போனவர்களுக்கு வருகிற வகை இல்லை. அவளுடைய உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டே ஆக வேண்டும். மருந்து குறைந்தால் இரத்தத்தில் சீனி ஏறும். கூடினால் சீனி விழுந்து, பிள்ளை மயங்கிப் போகலாம். அதற்கு மேலும் போகலாம். அந்த அளவுக் கணக்கு முழுவதையும் மனைவி கையில் எடுத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்தது வேறு உத்தியோகம். ஊசி குத்தும்போது மகளின் கவனத்தைத் திருப்புவது.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி, என் தொழிலிலிருந்து வந்தது. எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டு வருவார். கொமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். மணமகன் கொமா மணமகள் கொமா என்று கலியாண அழைப்பிதழை வாசிப்பது வெளியாருக்குச் சிரிப்பாக இருக்கும். மகளுக்கும் அது பெரிய பகிடி. ஆகவே ஊசி நேரத்தில் மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்து, அதில் ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழாக்கி, எங்கள் அச்சகக் குரலில் வாசிப்பேன். “குளிரான இடத்தில் வைக்கவும் முற்றுப்புள்ளி. உறைய விடக்கூடாது ஆச்சரியக்குறி.” அவள் சிரித்து முடிப்பதற்குள் மனைவி ஊசியைக் குத்தி எடுத்துவிடுவார். நாள்தோறும் கேட்டுக் கேட்டு அந்தப் பெட்டியின் வாசகம் மகளுக்குப் பாடமாகிவிட்டது. நான் ஒரு சொல்லை விட்டாலும் “பிழை!” என்று கத்துவாள்.

தட்டுப்பாடு வந்தபோது அவளுடைய மருந்து கிடைப்பது கஷ்டமானது. கடை கடையாக ஏறி இறங்கினோம். நல்ல வேளையாக, சென்னைக்குப் போயிருந்த என் மைத்துனி அங்கிருந்து சில புட்டிகளும் அதற்குரிய ஊசிகளும் வாங்கி வந்தார். அந்த ஊசிகளுக்குச் சிவப்பு மூடி. சென்னைப் பெட்டியின் வாசகத்தையும் மகள் சில நாளிலேயே பாடமாக்கிவிட்டாள். கிளினிக்கில் காட்டியபோது, நேர்ஸ் அம்மா மனைவியை இருத்தி வைத்து நீண்ட நேரம் விளக்கம் சொன்னார். நான் மகளோடு வெளியே மீன்தொட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கம் கதைக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை?

இப்படி இருக்கும்போது, மட்டக்களப்பில் இருக்கிற மனைவியின் அக்காவுக்குத் திடீரென்று சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. மனைவி போயே ஆக வேண்டும். பள்ளிக்கூட விடுமுறைதான் என்றாலும், மருந்தைக் குளிராக வைத்துக்கொண்டு நெரிசல் பஸ்ஸில் மகளைக் கொண்டுபோக முடியாது. ஊசி போடும் முறையை எனக்குப் பழக்கினார். தோடம்பழத்தில் குத்திப் பழகினேன். பிறகு மகளுக்கே போட்டேன். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார்: “காலையில பன்னிரண்டு கோடு, பின்னேரம் ஆறு கோடு. அவ்வளவுதான். நீங்கள் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.”

கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? பன்னிரண்டு, ஆறு என்று மந்திரம் மாதிரி உருப்போட்டுக்கொண்டேன். முதல் நாட்கள் நன்றாகவே போயின.

மின்வெட்டு மணிக்கணக்காக நீண்ட காலம் அது. குளிர்சாதனப் பெட்டியை நம்ப முடியாது. ஆகவே மருந்தைத் தயிர்ச்சட்டிக்குள் வைத்திருந்தோம். பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் புட்டி, மேலே ஈரத்துணி. அன்று காலை அதை எடுக்கும்போது என் விரல் ஈரம். மிச்சமிருந்த ஒரே புட்டி வழுக்கியது. சீமெந்துத் தரையில் விழுந்து சிதறிவிட்டது.

நான் குனிந்து துண்டுகளைப் பார்த்தேன். பிறகு மகள் என் கையைப் பிடித்து, “அம்மாவுக்குச் சொல்லமாட்டன் அப்பா” என்றாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, கீழ்வீட்டு அக்காவிடம் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காலி வீதிக்கு ஓடினேன். எங்களுக்குப் பழக்கமான முஸ்லிம் மருந்துக்கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். மருந்தின் பெயரைச் சொன்னேன். உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, “அல்லாஹ் காப்பாத்திட்டான். ஒண்டே ஒண்டுதான் ஈக்கிது. நேத்துத்தான் வந்தது” என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பெட்டியைக் கையில் தந்தபடி, “ஊசி ஈக்கிதா ஊட்டுல?” என்று கேட்டார். “ஓம் நானா, நிறையக் கிடக்கு” என்றேன். மைத்துனி கொண்டுவந்த ஊசிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

வீட்டுக்கு வந்து, வியர்வை துடைத்து, கை கழுவி, எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். சிவப்பு மூடியைக் கழற்றி, பன்னிரண்டாம் கோடு வரைக்கும் மருந்தை இழுத்தேன். ஊசியை மகளின் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொள்வது அவளுடைய வேலை. நான் பஞ்சினால் அவளுடைய தொடையைத் துடைத்துவிட்டு, வழக்கம் போலப் பெட்டியை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். “ஒரு மில்லிலீற்றருக்கு நூறு அலகு முற்றுப்புள்ளி...”

“பிழை!” என்றாள் மகள். “நாற்பது.”

“இல்லையம்மா, நூறு எண்டுதான் கிடக்கு. இது வேற பெட்டி.”

“அப்ப ஏன் இஞ்ச நாற்பது எண்டு கிடக்கு?” அவள் ஊசியின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அத்தனை நாளும் என் கண்ணில் படாத சின்ன எழுத்து. அதில் நாற்பது என்றுதான் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கணத்தில் எனக்கு வந்த முதல் எண்ணம், பேசாமல் குத்திவிடுவோம் என்பதுதான். நூறோ, நாற்பதோ, எனக்கென்ன தெரியும்? பன்னிரண்டு என்று சொன்னார்கள், பன்னிரண்டு இழுத்திருக்கிறேன். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். என் கண் வழக்கம் போல வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. மகளும் அதையேதான் சொன்னாள். “போடுங்கோ அப்பா, பசிக்குது. அம்மா பன்னிரண்டு எண்டுதானே சொன்னவ.”

ஆனால் மூலப்பிரதியில் ஒன்றும் அச்சுத்தாளில் வேறொன்றும் இருந்தால், நாங்கள் கையெழுத்து வைப்பதில்லை. விளங்கினாலும் சரி, விளங்காவிட்டாலும் சரி. எது சரி என்று தெரியும் வரைக்கும் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. இருபது வருடத்துக்கு மேலாகப் பழகிய பழக்கம் அது. கை நின்றுவிட்டது. ஊசியை வாங்கி மேசையில் வைத்தேன்.

மனைவிக்கு அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மின்வெட்டினால் அங்கே தொலைபேசிக் கோபுரமே வேலை செய்யவில்லை போலும். கிளினிக் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மகள் குசினி வாசலில் நின்று இடியப்பத் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் கணக்குத் தெரிந்தவர் என்று இப்போது வேறு யாரும் இல்லை.

சொதி வைப்பதற்காகத் தேங்காய்ப்பால் பிழிந்து இரண்டு தம்ளர்களில் வைத்திருந்தேன். ஒன்று முதற்பால், மற்றது மூன்றாம் பால். ஒரே மாதிரித் தம்ளர், ஒரே அளவு. ஆனால் ஒன்று தடிப்பு, மற்றது தண்ணீர் மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மெல்லப் பிடிபட்டது. சென்னை மருந்து மூன்றாம் பால். இது முதற்பால். அளக்கிற தம்ளரோ பழையதுதான்.

அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கழிவுத்தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பென்சில் பிடித்த விரல்கள் நடுங்கின. ஊசி நிறைய இழுத்தால் ஒரு மில்லிலீற்றர். அதில் நாற்பது கோடு. புதிய மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு நூறு. அப்படியானால் நாற்பது கோட்டுக்கு நூறு. நான்கு கோட்டுக்குப் பத்து. பன்னிரண்டு கோடென்றால் மூன்று நான்கு. மூன்று பத்து.

முப்பது.

என் பிள்ளைக்குப் போட வேண்டியது பன்னிரண்டு. நான் இழுத்து வைத்திருந்தது முப்பது.

நான் போட்ட கணக்கு என்பதாலேயே என்னால் அதை நம்ப முடியவில்லை. இன்னொரு முறை வேறு வழியில் போட்டேன். இருபது கோட்டுக்கு ஐம்பது, பத்துக் கோட்டுக்கு இருபத்தைந்து, மிச்சம் இரண்டு கோட்டுக்கு ஐந்து. மறுபடியும் முப்பது. மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “முப்பதுதான் அப்பா, சரி” என்றாள். அந்த எண் தன்னைப் பற்றியது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. நான் ஊசியில் இருந்த மருந்தை முழுவதும் வெளியேற்றிவிட்டு, அந்த ஊசியை அப்புறப்படுத்தினேன்.

“அப்ப அஞ்சு கோடு போட்டா பன்னிரண்டரை. கிட்டத்தட்டச் சரிதானே?” என்றாள் கெட்டிக்காரி.

“கிட்டத்தட்ட எண்டு உனக்கு நான் ஊசி போடமாட்டன். செருப்பைப் போடு” என்றேன்.

இருவரும் மருந்துக்கடைக்கு நடந்தோம். ஓட்டோக்கள் எல்லாம் பெற்றோல் வரிசையில் நின்றன. அவள் கையை நான் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தேன் என்பது, “அப்பா, நோகுது” என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நானாவிடம் சிவப்பு மூடி ஊசி ஒன்றை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் வெளிறிவிட்டது. “யா அல்லாஹ், மகளுக்குப் போட்டீங்களா?” என்றார். இல்லை என்று சொன்னதும் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஊசி ஈக்கிதா எண்டு கேட்டேன். நீங்க நெறைய ஈக்கிதெண்டீங்க. இந்த ஊசி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. நூறு என்று போட்ட, வேறு நிற மூடி உள்ள ஊசிகளை எடுத்துத் தந்துவிட்டு, தனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவருக்குத் தன் தொலைபேசியிலேயே அழைத்து என்னிடம் கொடுத்தார்.

டொக்டர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும், இந்தப் புது ஊசியில் பன்னிரண்டு போடுங்கள், பழைய ஊசிகளை இந்தப் புட்டிக்குக் கிட்டவும் வைக்காதீர்கள் என்றார். பிறகு, பழையதில் போட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். முப்பது என்றேன். “சரியான கணக்கு” என்றார். வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. சரியான கணக்கு என்றால், அந்த முப்பதும் உண்மைதான் என்று அர்த்தமல்லவா?

வீட்டுக்கு வந்து, புது ஊசியில் பன்னிரண்டு இழுத்து, பெட்டியையும் ஊசியையும் இருவருமாக வாசித்து ஒப்பிட்டு, மகளுக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துச் சாப்பிட்டாள். “சொதிக்கு உப்புக் காணாது அப்பா” என்றாள். நான் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். அவளுடைய தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவன், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னேரம் மனைவியின் அழைப்பு வந்தது. அக்காவின் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார். நானும் நடந்ததைச் சொன்னேன். அவர் அழுகிற சத்தம் கேட்டது. “நேர்ஸ் எனக்குச் சொன்னவ. இந்த ஊசி இந்தப் புட்டிக்கு மட்டும்தான் எண்டு. நான் உங்களுக்குச் சொல்லாமல் வந்திட்டன். புட்டி உடையும் எண்டு ஆர் கண்டது?” என்றார். சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்கமாட்டேன் என்றேன். அது உண்மை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் கேட்டார்:

“கணக்கு ஆர் போட்டது? பிள்ளையோ?”

“நான்.”

“நீங்களோ?”

“ஓம். ரெண்டு தரம் போட்டனான். ரெண்டு தரமும் ஒரே விடை.”

அழுகைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கடவுளே, காய்ச்சல் ஒண்டும் வரேல்லையே?” என்றார்.

அதன் பிறகு நான் கணக்குப் புலியாகிவிடவில்லை. இப்போதும் மெதுவாகத்தான் போடுவேன். அச்சகத்தில் இலக்கப் பக்கங்கள் வந்தால் தேநீருக்கு எழும்புவதில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன். பக்கத்து மேசைத் தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். கிளினிக்கில் விளக்கம் சொல்லும்போது மனைவியின் பக்கத்தில் நானும் உட்காருகிறேன். விளங்காவிட்டால், “மிஸ், திருப்பிச் சொல்லுங்கோ” என்று கேட்கிறேன். முன்பெல்லாம் அப்படிக் கேட்பது வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

மகள் வளர்ந்துவிட்டாள், தன் ஊசியைத் தானே போடுகிறாள். அவள் மருந்தை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முப்பது என் நெஞ்சில் வந்து குத்திவிட்டுப் போகிறது. அது போகாது என்று நினைக்கிறேன். கண்ணைத் திருப்பிக்கொள் என்று வாழ்நாள் முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே பயம், என் பிள்ளைக்கென்று வந்தபோது, இன்னொரு தடவை பார் என்று சொன்னது. கை நடுங்கினால் நடுங்கட்டும், பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்கும் வரைக்கும் கண் விலகாமல் இருந்தால் எனக்கு அது போதும்.